சித்தி அரைத்த ஆளிவிதைப் பொடி

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முட்டி வலி, சர்க்கரை, கொழுப்பு என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு காலையில் ஒன்றாக நடக்கிறோமே, அந்த நமக்கு. சில மாதங்களாக நம் நடையில் ஆளிவிதைதான் பேச்சு. ஒருவர் அதைச் சப்பாத்தி மாவில் கலக்கச் சொல்கிறார். இன்னொருவர் மோரில் போட்டுக் குடிக்கச் சொல்கிறார். வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து டப்பாவில் கொண்டுவந்து நீட்டுகிறவரும் உண்டு. எனக்கு இனிப்பு ஆகாது என்பதால் நான் அந்த உருண்டையைத் தொட்டதில்லை. ஆளிவிதை என்கிற பொருளை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன பங்குனியில் ஒரு காலை, பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டில், மருமகள் இட்லிக்குப் புதிதாக ஒரு பொடி வைத்தாள்.

"ஆளிவிதை போட்டிருக்கேன் அத்தை. சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

நல்லெண்ணெயில் குழைத்து ஒரு விள்ளலை வாயில் போட்டேன். முதலில் பூண்டும் மிளகாயும் தெரிந்தன. பிறகு எள்ளைப் போல, ஆனால் எள் இல்லாத ஒரு கசப்பு. மென்று முடிக்கும்போது நாக்கில் ஒரு வழுவழுப்பு. தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"காரம் ஜாஸ்தியா அத்தை?"

காரம் இல்லை. அந்த ருசியை நான் என் சிறு வயதில் மாதக்கணக்கில் தினமும் தின்றிருக்கிறேன். அதைத் தின்றதற்காக ஒரு சனிக்கிழமை, கசப்புச் சாறு ஊற்றி என்னை வாந்தி எடுக்கவைத்தார்கள். அந்தப் பொடியை அரைத்தவளை எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு அனுப்பி, திரும்ப அழைக்காமலே விட்டார்கள். அது இப்போது மளிகைக் கடையில் பாக்கெட்டில் தொங்குகிறது. உடம்புக்கு நல்லது என்று என் மருமகள் வாங்கி வருகிறாள். நான் அன்று காலை அப்புறம் எதுவும் சாப்பிடவில்லை.

எந்த நிகழ்ச்சியையும் காலம் குறிக்காமல் எழுத எனக்கு வராது. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போன வருடம். சித்தப்பாவின் கல்யாணம் தையில் நடந்தது. எல்லாம் முடிந்தது ஆடியில். அது சனிக்கிழமை என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. குச்சனூர் சனி கோயிலுக்குப் போகிற சாலை ஆடிச் சனிக்கிழமை தவிர வேறு நாளில் அப்படி அடைபடாது.

எங்கள் வீடு அப்போது போடியில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் சேர்த்து ஏலக்காய் வியாபாரம். முன்கட்டு முழுக்க மூட்டைகள். பெரிய இரும்புச் சல்லடைகளில் பெண்கள் காயைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பச்சை நிறத்தில் ஒரு தூசி எப்போதும் காற்றில் நிற்கும். என் பள்ளிக்கூடப் பை, தலையணை, ஏன், குடிக்கிற தண்ணீர்கூட ஏலக்காய் மணக்கும். அந்தச் சல்லடைகள் எங்கே போயின என்று இப்போது யாருக்கும் தெரியாது. அந்த மணமும் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பாயசத்தில் போடவிட மாட்டேன்.

சித்தப்பா மூவரில் இளையவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் முகம் எப்போதும் கடுகடுவென்று இருக்கும். காலையில் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். விடிந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவார். போனவர் வர வெகு நேரமாகும். வரும்போது முகம் வெளுத்து, வியர்த்து, யார் மேலாவது எரிந்து விழுவார்.

"ஏலே, செம்பைத் தூக்கிட்டுக் குரங்கணி மலை வரைக்குமா போயிட்டு வர்ற?" என்று பெரியப்பா மூட்டைகளுக்கு நடுவில் இருந்து குரல் கொடுப்பார். வேலைக்கு வந்த பெண்களெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சித்தப்பா செம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போவார்.

ஏலக்காய் விற்க அவர்தான் வடக்கே ஹூப்ளி வரைக்கும் போய் வருவார். அங்கே எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் முன்பே குடியேறிக் கடை வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் தையில் கட்டினார். சொந்தம், சாதி, ஜாதகம் எல்லாம் பொருந்தியிருந்தன. ஆனால் பெண் அந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சித்தி பேசிய தமிழ் சுத்தமாக, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக இருக்கும். பெரியம்மா அதை "ரேடியோ பேசுது" என்பார்.

சித்தி கொண்டுவந்த சாமான்களில் ஒரு வட்டமான பிஸ்கட் தகரமும் இருந்தது. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் பாதி அழிந்திருக்கும். வந்த சில நாளில் அதைத் திறந்து, கை நிறைய எதையோ எடுத்து இரும்புச் சட்டியில் போட்டார். அடுப்பங்கரைக்குள் படபடவென்று சத்தம்; பச்சை எண்ணெயும் வேர்க்கடலையும் கலந்தாற்போல ஒரு வாசனை. பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா இது? கொள்ளுமில்ல, எள்ளுமில்ல. மூட்டைப்பூச்சி மாதிரியில்ல இருக்கு!"

"இது பேரு அகசி, அக்கா. எங்க ஊர்ல இது இல்லாம சாப்பாடே கிடையாது. சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் விட மாட்டீங்க."

"மூட்டைப்பூச்சியத் தின்னுட்டு நாங்க எங்கன விடுறது? அதுல்ல எங்கள விடாது" என்றார் பெரியம்மா. என் அம்மா சிரித்தார். சித்தியும் சிரித்தார்.

உண்மையில் அது பெரியம்மா சொன்னது போலத்தான் இருக்கும். தட்டையாக, பழுப்பாக, பளபளவென்று. சித்தி என் கையைப் பிடித்துத் தகரத்துக்குள் விடுவார். விரல்களுக்கிடையில் அந்த விதை தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் விளையாட்டு.

வறுத்த விதையை மிளகாய், பூண்டு, புளி, உப்பு சேர்த்து அரைத்துப் பொடியாக்கினார். அன்று எல்லோரும் தோசைக்கு அதைத் தொட்டுக்கொண்டோம். அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தட்டை வழித்துத் தின்றதே பாராட்டுதான். அதன் பிறகு அது எங்கள் வீட்டில் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. தகரம் தீரத் தீரச் சித்தியின் தாய்வீட்டிலிருந்து பார்சல் வரும். சோற்றில், சோளக் களியில், பயணத்துக்குக் கட்டுகிற தோசை நடுவில், எல்லாவற்றிலும். சித்தப்பாவுக்கு மட்டும் கூடுதலாக, விதையை ஊறவைத்து மோரில் கலக்கி ஒரு டம்ளர். ஊறிய விதை கூழாகிக் கொழகொழவென்று இருக்கும். அதைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார்.

பங்குனி வாக்கில் சித்தப்பா ஆளே மாறிவிட்டார். காலையில் போன வேகத்தில் திரும்பி வந்தார். வாயில் ஏதாவது பாட்டு. சல்லடை பிடிக்கிற பெண்களிடம் "என்னத்தா, கஞ்சி குடிச்சியா?" என்று விசாரித்தார். எனக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார், நான் கேட்காமலே. அதுவரை சித்தப்பாவுக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்குத் தெரியாது.

வைகாசியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "அண்ணே, பழனிசெட்டிபட்டியில ஒரு கடை வாடகைக்கு வருது. நான் தனியா எடுத்து நடத்திப் பாக்குறேனே."

பெரியப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலண்ணே. எனக்கே தோணுச்சு."

"உனக்கா?"

அதோடு பேச்சு நின்றது. ஆனால் அடுப்பங்கரையில் நிற்கவில்லை. பெரியம்மா என் அம்மாவிடம் குரலை இறக்கிச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "இது அவன் பேச்சா? காலங்காத்தால பல்லைக் காட்டிக்கிட்டுத் திரியிறான், பாத்தியா? பொறந்ததுலருந்து சிரிச்சவனா அவன்?"

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நம் பக்கத்தில் அப்போது ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டி பேச்சைக் கேட்டால், அவள் சாப்பாட்டில் 'மருந்து' வைத்துவிட்டாள் என்பார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை மயக்கி வைத்திருக்கும் என்று நம்பினார்கள். அதை வெளியே எடுப்பதற்கென்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். வயலும் தோட்டமும் கடையும் வைத்து, பேப்பர் படிக்கிற குடும்பங்களும் அவர்களிடம் போயின. எங்கள் குடும்பமும் போனது.

அதற்கு வழி செய்தது ஓர் ஆசாரியின் வேடிக்கைப் பேச்சு. ஆனியில் முன்கதவைச் செப்பனிட வந்தவர், முறத்தில் காய்ந்துகொண்டிருந்த விதையைக் கிள்ளி நசுக்கி மோந்து பார்த்தார்.

"இது லின்சீடு எண்ணெய் ஆட்டுற வெதையில்ல? இந்தா, இந்தக் கதவுக்குப் பூசப்போறது இதோட எண்ணெயத்தான். இதையா திங்கிறீக?"

"தின்னா என்ன செய்யும்?" என்றார் பெரியம்மா.

"என்ன செய்யும்? கொடலு பாலிசு போட்ட மாதிரி பளபளன்னு ஆயிரும்!" ஆசாரி தானே சிரித்துக்கொண்டார்.

பெரியம்மா சிரிக்கவில்லை. அன்று சாயந்தரமே பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார்: "வார்னிசு வெதையாம்ல. ஆசாரி சொன்னாக. அதத்தான் தம்பிக்குத் தெனமும் மோருல கரைச்சுக் குடுக்குறா."

ஆடிச் சனிக்கிழமை வந்தது. குச்சனூர் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி வாடகைப் பிளசர் கார் ஒன்று பிடித்தார் பெரியப்பா. பெரியவர்கள் ஆறு பேர், நான் அம்மா மடியில். சித்தி தலை நிறையப் பூ வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தார். எல்லோருக்கும் தோசை கட்டியிருந்தார். நடுவில் பொடி தடவித்தான். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் மண். வழியிலேயே வண்டியை நிறுத்தித் தோசையைத் தின்றோம்.

கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி திரும்பாமல் மண்சாலையில் இறங்கியது.

"கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போகுதே மாமா?" என்றார் சித்தி.

"இங்கன ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டுப் போவோம்" என்றார் பெரியப்பா, திரும்பிப் பார்க்காமல்.

ஒரு ஓட்டு வீட்டின் வாசல். வேப்ப மரத்தடியில் ஏற்கெனவே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மருந்து எடுக்கிற பெரியவர் நெற்றி முழுக்கத் திருநீறோடு, சாதாரணமாக, பல் டாக்டர் மாதிரி வந்து, "யாருக்கு?" என்றார். பெரியப்பா சித்தப்பாவை முன்னால் தள்ளினார். "நேரம் சரியில்ல, ஒரு தடவ பாத்துக்கிருவோம்னு கூட்டியாந்தேன்." சித்தப்பா அண்ணன் சொன்னால் எதையும் செய்கிறவர். போய்ப் பலகையில் உட்கார்ந்தார். பச்சை இலைச் சாறு ஒரு கிண்ணம் குடிக்கக் கொடுத்தார்கள். பெரியவர் அவருடைய வயிற்றைக் கீழிருந்து மேலாக அழுத்தி அழுத்தித் தேய்த்தார். எதிரில் சாம்பல் போட்ட மண்சட்டி.

சித்தப்பா வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். என்னை உள்ளே கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் சட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுத் தூக்கினார். கூழ் போல ஒன்று குச்சியோடு இழுபட்டு வந்தது. அதில் பழுப்பு விதைகள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தன.

"பாத்துக்கங்க. சவ்வு மாதிரி இழுக்குதா? கொடலைப் பிடிச்சு ஒக்காந்திருந்துருக்கு. இன்னும் கொஞ்ச நாளு விட்டிருந்தா ஆளத் திருப்பியிருக்க முடியாது."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்தில் சித்தி சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. என்னவோ ஏதோ என்று பயந்திருந்தவர், இவ்வளவுதானா என்று நிம்மதியில் சிரித்த சிரிப்பு.

"ஐயோ அக்கா, அது அகசி! காலையில மோர்ல குடிச்சாரே, அது. நீங்க எல்லாரும்தானே இப்ப வழியில தோசையில சாப்பிட்டீங்க?"

வாசலில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா தன் வயிற்றில் ஓங்கி அறைந்துகொண்டார்.

"அடிப் பாவி! எங்களுக்குமா வச்ச?"

நடந்தது இதுதான். ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. என் பெரியம்மா, பெரியப்பா, என் அப்பா, அம்மா எல்லோரும் வரிசையாக அந்தப் பலகையில் உட்கார்ந்து சாறு குடித்தார்கள். என் அப்பா பி.யூ.சி. படித்தவர். அவரும் உட்கார்ந்தார். எனக்கு மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். அந்தக் கசப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது. ஒவ்வொருவர் வாந்தியிலும் பழுப்பாகப் பொடிப்பொடியாக விதை. பின்னே இருக்காதா? சற்று முன்புதானே தோசை தின்றோம். பெரியவரே மிரண்டுபோனார். "ஒரு குடும்பத்துக்கே வச்சத நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று காத்திருந்தவர்களிடம் சொன்னார். வந்திருந்த பெண்கள் சித்தி நின்ற இடத்திலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சித்தி தலையில் பூவோடு தனியாக நின்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பெரியப்பா சித்தப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் இருக்கையில கேக்குறேன். இந்த வெதைய நீ கேட்டு வாங்கித் தின்னியா? இல்ல, அவளாக் குடுத்தாளா?"

அந்த ஒரு பதிலில்தான் சித்தி எங்கள் வீட்டில் இருப்பதும் போவதும் இருந்தது. அது சிறுமியான எனக்கே புரிந்தது. சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமில்லாமல், விடை தெரிந்த பிள்ளை, பக்கத்துப் பிள்ளை எழுந்து சொல்லட்டும் என்று பார்ப்பது போல.

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"அவதான் குடுத்தா" என்றார்.

சித்தி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் குச்சனூர் கோயிலுக்கும் போனோம். சித்தியை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

யாரும் சித்தியைப் போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. ஆடி மாதம் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். தூரம் என்பதால் அந்த வருடம் வேண்டாம் என்று முன்பு விட்டிருந்தார்கள். இப்போது "ஆடிக்குப் போயிட்டு வரட்டும்" என்றார் பெரியம்மா. அப்பா துணைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தி இல்லை. கொடியில் அந்தக் கரும்பச்சைச் சேலை மட்டும் ஈரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துவைக்க மறந்திருக்கிறார். ஆவணியில் யாரும் போய் அழைத்து வரவில்லை. புரட்டாசியில் வந்த கடிதங்களுக்குப் பதில் போகவில்லை. அடுத்த வருடம் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். பெரியம்மாவின் சொந்தத்தில் ஒரு பெண்ணைச் சித்தப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். பழனிசெட்டிபட்டிக் கடை வேறு யாருக்கோ போனது.

சித்தப்பாவின் முகம் ஆவணிக்குள் பழையபடி கடுகடுவென்றாகிவிட்டது. செம்பை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர வெகு நேரமாயிற்று. வந்து எரிந்து விழுந்தார். பெரியம்மாவுக்கு நிம்மதி. "மருந்து முழுசா எறங்கிருச்சு. இப்பத்தான் நம்ம தம்பி மாதிரி இருக்காக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தகரத்திலிருந்த விதையைக் கொல்லைப் பக்கம் குப்பைமேட்டில் கொட்டியிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு அங்கே மெல்லிய செடிகள் முளைத்தன. மார்கழியில் ஊதாவும் நீலமுமாக நுணுக்கமான பூக்கள் பூத்தன, மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். என்ன செடி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என்ன அழகு என்று பெரியம்மாவே தினமும் காலையில் பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தார். அது என்ன பூ என்பது எனக்கும் போன பங்குனி வரை தெரியாது. மகன் செல்போனில் ஆளிவிதைச் செடியின் படத்தைக் காட்டினான்; அதே பூ.

சித்தி உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் இருந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் விசாரித்தபோது, "ஹூப்ளியில தம்பி வீட்டுலதான் இருக்காக. அங்கன ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாக" என்றார்கள். சித்திரை கடைசியில் மகனோடு ரயிலேறினேன்.

எழுபதைத் தாண்டியவர். முடி முழுக்க வெள்ளை. கதவைத் திறந்து, என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "அவர் பொண்ணுதானே நீ?" என்றார். அதே தனித்தனி வார்த்தைத் தமிழ். என் பேரப்பிள்ளைகள், முட்டி வலி, போடிக்கு இப்போது அகல ரயில் வந்தது எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவர் இருக்காரா?" என்றார்.

"இல்ல சித்தி. போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்போ சொல்லலாம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உங்க சித்தப்பாவுக்கு மலச்சிக்கல், கண்ணு. சின்ன வயசிலேர்ந்து. அவருக்குக் காலையில வெளிக்கிப் போறது பிள்ளை பெத்துப் பிழைக்கிற மாதிரி. ரத்தம் ரத்தமாப் போகும். கல்யாணம் ஆன வாரமே என்கிட்டச் சொல்லி அழுதாரு. 'இருக்கிற கேலி போதும், எங்க அண்ணன் காதுல விழுந்தா ஊரே சிரிக்கும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது'ன்னு என் தாலியைத் தொட்டுச் சத்தியம் வாங்கினாரு. எங்க வீட்டில அதுக்கு அகசிதான் குடுப்பாங்க. ஊறவெச்சு மோர்ல குடுத்தேன். ஒரு மாசத்தில சரியாப் போச்சு."

அந்தக் கன்னக் குழி, குச்சி ஐஸ், வாயில் பாட்டு. ஒரு மனிதனுக்குக் காலையில் வயிறு லேசானதை ஒரு குடும்பமே கூடி வசியம் என்று முடிவு கட்டியிருக்கிறது.

"அப்ப எங்களுக்கெல்லாம் எதுக்குப் போட்டீங்க சித்தி? அதனாலதானே இவ்வளவும்?"

"அவருக்கு மட்டும் தனியாக் குடுத்தா ஏன்னு கேப்பாங்கல்ல? வீட்டுக்கே அது பழக்கமாயிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"அன்னைக்கு அந்த வாசல்ல பெரியப்பா கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!" என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "இதுக்காகவா? ஒரு மலச்சிக்கலுக்காகவா சித்தி?"

"நான் சத்தியம் பண்ணியிருந்தேனே. அவர் பண்ணலையே, அவர் சொல்லுவாருன்னு நினைச்சேன்" என்றார் சித்தி. கோபமே இல்லை, விட்டுப்போன ஒரு கணக்கை எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். "அங்க சொல்லல. சரி, வீட்டுக்கு வந்து சொல்லுவாருன்னு இருந்தேன். சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாரு. உங்கப்பா டிக்கெட் எடுக்கப் போயிருந்தாரு. நான் ஏறி உக்காந்துட்டேன். ஜன்னல் பக்கம் வந்து நின்னாரு. இப்பச் சொல்லுவாரு, 'இறங்கு, நான் அண்ணன்கிட்டப் பேசுறேன்'னு சொல்லுவாருன்னு பாத்தேன். சுத்தும் முத்தும் பாத்துட்டுக் கம்பியைப் பிடிச்சுக் குனிஞ்சாரு."

"என்ன சொன்னாரு?"

"அந்தப் பொடியை எப்படி அரைக்கிறதுன்னு கேட்டாரு."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். தீ கம்மியா இருக்கணும், படபடக்கிறது நின்னதும் இறக்கிடணும், ஆறினப்புறம்தான் அரைக்கணும்னு சொன்னேன். உங்கப்பா வந்து ஏறினாரு, பஸ் எடுத்துட்டாங்க. ஓட்டமா ஓடி வந்து, 'புளி எவ்வளவு?'ன்னு கேட்டாரு."